அடுத்த நாற்காலியில் தேவராஜ்

போன மாதம் ஆம்பூரிலிருந்து நவீன் என்ற பையன் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோல் தொழிற்சாலையில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவு அவன் கையில் இருக்கிறது. பழைய சாயக் குறிப்புகளை எல்லாம் புது சிஸ்டத்துக்கு மாற்றுகிறார்களாம்.

"மேடம், ஒரு டவுட்டு. எல்லா ஃபைல்லயும் மேல எழுதியவர்னு அன்வர் சார் பேரோ உங்க பேரோ வேற யாரு பேரோ இருக்குது. அதுக்குக் கீழ 'அடுத்த நாற்காலி'ன்னு போட்டு தேவராஜ்னு இருக்குது. எத்தினி வருஷத்து ஃபைல எடுத்தாலும் அதே பேரு. யாரு மேடம் அவரு? பெரிய புரோகிராமரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவராஜ் கேட்டிருந்தால் அந்தப் பட்டத்தை வெற்றிலையோடு சேர்த்துத் துப்பியிருப்பார். "பெரிய ஆளுதான்பா. ஆனா போன்ல சொன்னா ஆவாது, எழுதி அனுப்பறேன்" என்றேன். வீட்டில் சும்மா இருப்பவளிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் பக்கம் பக்கமாக வரும். நவீன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலூர்க்காரி. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்பாடியில் காலை ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தியானேன். முதலில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற வேலை. பச்சைத்தோல் நாற்றத்தில் முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் நன்றாக இறங்கியது. அதற்கப்புறம் அந்த நாற்றத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னால்தான் எனக்கே ஞாபகம் வரும்.

என்னை வேலைக்கு எடுத்தவர் டெக்னிகல் மேனேஜர் அன்வர் சார், வாணியம்பாடிக்காரர். முதலாளி பாய் "லேடீஸ் எதுக்குப்பா இங்க, பேஜாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்வர் சார் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, இத்தனை கிலோ தோலுக்கு இத்தனை சதவீதம் என்றால் எவ்வளவு சாயம் என்று கேட்டார். சொன்னேன். "கணக்கு வருது. நாளைலேர்ந்து வாம்மா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தோலைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். நிறம் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் கண்ணைத் திறந்து, தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குப் போவார். டியூப்லைட்டில் நிறம் பார்ப்பவனைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "டியூப்லைட்டு பொய் சொல்லும்" என்பார்.

அவர் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு ஆய்வகத்தில் பார்த்துவிட்டு வந்த சங்கதிதான் எங்கள் பிழைப்பை மாற்றியது. லிட்டரேட் புரோகிராமிங் என்று அதற்குப் பெயர். ஒரே கோப்பில் விளக்கமும் இருக்கும், கணக்குப் போடும் நிரலும் இருக்கும். கடிதம் எழுதுவது போல எழுதிக்கொண்டே போக வேண்டும். அமிலத்தை ஏன் இரண்டு தடவையாகப் பிரித்து ஊற்றுகிறோம், ஒரே தடவையாக ஊற்றினால் சாயம் எப்படி மேல்தோலிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காமல் போகும் என்று முதலில் நாலு வரி. அதற்குக் கீழேயே அந்த அமிலத்துக்கான கணக்கு. ஒரு கட்டளை கொடுத்தால் படிப்பதற்குப் புத்தகமாக வரும். இன்னொரு கட்டளை கொடுத்து அன்றைய தோலின் எடையைச் சொன்னால், தோலைச் சாயத்தோடு போட்டுச் சுற்றுகிற டிரம்முக்குப் போகிற கார்டு வரும். எத்தனை கிலோ சாயம், எத்தனை லிட்டர் தண்ணீர், எப்போது அமிலம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அவர் எழுதிய விளக்கங்களை நான் வேலை இல்லாத நேரத்திலும் படிப்பேன். 'இது ஆட்டுத்தோல். ஆடு எந்த வேலியில் உரசியதோ அந்தக் கீறலெல்லாம் இதில் இருக்கிறது. ஆகையால் அவசரப்படாதே' என்று ஒரு குறிப்பு தொடங்கும். சாயம் போடுகிற குறிப்பை இப்படி எழுத ஒருவருக்கு மனசு வேண்டும்.

ஒரு பெரிய மெஷின், அதோடு சேர்ந்த நாலைந்து திரைகள், இதுதான் எங்கள் கம்ப்யூட்டர் அறை. ஆளுக்கொரு லாகின். ஒவ்வொரு லாகினுக்கும் சொந்தமாக ஒரு அமைப்புக் கோப்பு உண்டு. நாம் உள்ளே நுழைந்ததும் மெஷின் முதலில் அதைத்தான் படிக்கும். எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எந்தக் கட்டளையைச் சுருக்கி எப்படி அடிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவரவர் தலையணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்வர் சாரின் கோப்பில் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், கண் அப்படி. அதோடு 'ஜாஸ்தி', 'கம்மி' என்று இரண்டு கட்டளைகளை அவரே செய்து வைத்திருந்தார். ஜாஸ்தி என்று அடித்தால் சதவீதம் கொஞ்சம் ஏறும், கம்மி என்று அடித்தால் இறங்கும். அவர் ஆவணத்தை என் திரையில் திறந்து ஜாஸ்தி அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று மெஷின் கத்தும்.

"சார், உங்க ஜாஸ்தி இங்க செல்லாதாம்."

"உன் ஃபைல்லயும் போட்டுக்கம்மா" என்பார். நான் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு என் தலையணை போதும் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிரம்முக்குப் போன கார்டுகளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. ஈரத்தில் நனைந்து, சாயம் ஊறிக் கிழிந்துதான் அவை திரும்பி வரும். "டாக்குமென்ட் இருக்குதில்ல? எப்ப ஓட்டுனாலும் அதே கார்டு வரும். அப்புறம் எதுக்குக் குப்பை?" என்பார் அன்வர் சார். அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கும்தான்.

நான் சேர்ந்து சில வருடங்களில் அவருக்கு ஹஜ்ஜுக்குப் போக வாய்த்தது. புறப்படுவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அவர் ஆபீசில் நின்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. டிரம் யார்டு முழுக்க நடந்து, தோல் மூட்டை தூக்குகிறவர்கள் முதற்கொண்டு ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுப்பா" என்று கேட்டார்.

டிரம்மில் சாயம் போடுகிற டையிங் மாஸ்டர் தேவராஜ் கூச்சத்தில் நெளிந்தார். ஒடுகத்தூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் கடலைக்காய் நிலம் உண்டு. அதை நம்பிப் பிழைக்க முடியாமல் இளவயதிலேயே தோல் வேலைக்கு வந்தவர். முழங்கை வரைக்கும் சாயக் கறை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனாலும் நகக்கண்ணில் பழுப்பு இருக்கும்.

"நீங்க இன்னா சார் தப்பு பண்ணீங்க? நல்லபடியா போய்ட்டு வாங்க. நான் எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன், போங்க" என்று சிரித்தார்.

போகும்போது அன்வர் சார் தன் லாகினையும் என்னிடம் ஒப்படைத்தார். சாயக் கார்டுகளை அதுவரை அவரேதான் அச்சிடுவார். "இனிமே நீ பாத்துக்க எஸ்தரம்மா. டாக்குமென்ட்ல எல்லாம் இருக்குது" என்றார்.

அவர் போன கொஞ்ச நாளில் கோன்யாக் ஆர்டர் இரண்டாம் தடவையாக வந்தது. கோன்யாக் என்பது தோல் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அந்த நிறத்துக்கு வைத்த பெயர். யார்டில் அதை டீ கலர் என்பார்கள், நல்ல டிகாஷனில் பால் கம்மியாக ஊற்றிய டீ. முதல் ஆர்டரில் அந்த நிறம் அச்சாக வந்திருந்ததால், அதே நிறத்தில் இன்னும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் லாகினிலேயே அன்வர் சாரின் ஆவணத்தைத் திறந்து, தோலின் எடையைக் கொடுத்து, கார்டை எடுத்து அனுப்பினேன்.

தோல் காய்ந்து வந்தபோது அது டீ இல்லை. பால் ஊற்ற மறந்த டிகாஷன்.

ஈரத்தில் எந்தத் தோலும் கறுத்துத்தான் தெரியும். காய்ந்தால் வெளுக்கும் என்று எல்லோரும் காத்திருந்ததில் அந்த லாட் தோல் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது. அதைக் கறுப்பாக மாற்றி வேறு யாருக்காவது தள்ளலாம். ஆனால் கப்பல் ஏற வேண்டிய கோன்யாக்குக்கு என்ன செய்வது? முதலாளி யார்டிலேயே நின்று கத்தினார். டாக்குமென்ட் அதே டாக்குமென்ட், தோல் அதே தோல், அப்படியென்றால் எடை போட்டதில்தான் தப்பு, தேவராஜ்தான் சாயத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறான் என்பது அவர் முடிவு. கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

தேவராஜ் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்து நின்றார். ரப்பர் பூட்ஸ் ஈரமாக இருந்ததால் உள்ளே வரவில்லை. அவருடைய பெரிய பெண் அந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

"மேடம், நான் கார்டுல போட்டதத்தான் போட்டேன். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நீங்களாவது சொல்லுங்க மேடம்."

அதே கார்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவர் போட்டதாகச் சொன்ன எடையும் கார்டில் இருந்த எடையும் ஒன்றுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினால் அவர் என்ன சொல்வார்? அன்வர் எழுதினது தப்பாகுமா, போன தடவை சரியாகத்தானே வந்தது என்பார். ஆவணத்தை வரிவரியாகப் படித்தேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எரிச்சலில் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தபோது அன்வர் சாரின் காலி நாற்காலி கண்ணில் பட்டது. போன தடவை கார்டு அங்கிருந்து அல்லவா வந்தது!

அதில் உட்கார்ந்து, அவர் லாகினில் நுழைந்தேன். பூசணிக்காய் எழுத்துகள் வந்தன. அதே ஆவணத்துக்கு, அதே எடையைக் கொடுத்து, கார்டை எடுத்தேன். தண்ணீர் அதே அளவு, அமிலம் அதே அளவு. பிரவுன் சாயம் மட்டும் குறைவாக இருந்தது.

காரணம் அவருடைய சொந்த அமைப்புக் கோப்பில் இருந்தது. சாய டின் கொடுக்கிற வியாபாரியை மாற்றியபோது புது டின் வலு கூடியதாக வந்திருக்கிறது. வலுவான சாயத்தைக் குறைத்துத்தான் போட வேண்டும். ஒவ்வொரு ஆவணமாகத் திருத்தாமல், பிரவுனின் வலு இவ்வளவு என்று தன் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டார். அவர் நாற்காலியில் எந்த ஆவணத்தை ஓட்டினாலும் அந்த வரி தானாகச் சேர்ந்துகொள்ளும். என் நாற்காலியில் அந்த வரி இல்லை. எண் இல்லாவிட்டால் சாதாரண வலு என்று வைத்துக்கொண்டு மெஷின் பேசாமல் கணக்கைப் போட்டுவிடும். ஜாஸ்தி என்ற கட்டளை இல்லையென்றால் கத்துகிற மெஷின், எண் இல்லையென்றால் வாயே திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அந்த மெஷினை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம், இதை யாரிடம் போய்ச் சொல்வது? யாரும் வேண்டாம் என்ற இடத்தில் என்னை உட்கார வைத்தவர் அன்வர் சார். அவர் இல்லாத நேரத்தில் அவர் கோப்பைத் திறந்து, தப்பு இவருடையது என்று முதலாளியிடம் காட்ட வேண்டும். திரும்பி வரும்வரை பொறுக்கலாம் என்றால் அதற்குள் தேவராஜ் பெட்டி படுக்கையோடு ஒடுகத்தூர் போய்விடுவார். வாசலைப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

முதலாளி கார்டுகளைப் பார்க்கவே இல்லை. "இன்னாம்மா, ஹஜ்ஜுக்குப் போன மனுஷன் மேல பழி போடறியா? நாற்காலிக்கு நாற்காலி வேற கணக்கு சொல்லுமா உன் கம்ப்யூட்டரு? அப்ப எதுக்கு அதுக்கு ஏசி போட்டு வெச்சிருக்கேன்?"

"சொல்லும் பாய். சொல்லிடுச்சி. நீங்க என்ன நம்ப வேணாம், தோல நம்புங்க" என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாயம் போடாத தோல் ஒன்றை நடுவில் கத்தியால் இரண்டாகக் கிழித்து, ஆய்வகத்தில் இருந்த சின்ன டிரம்களில் டிரம்முக்கு ஒரு பாதியாகப் போட்டோம். ஒன்றுக்கு என் நாற்காலியின் கார்டு, மற்றதற்கு அன்வர் சாரின் நாற்காலியின் கார்டு. தேவராஜைக் கிட்டே விடவில்லை. எடையை முதலாளியே நின்று போட்டார். காய்ந்ததும் இரண்டு பாதிகளையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய், பையரின் சாம்பிள் துண்டோடு சேர்த்துப் பிடித்தோம். ஒன்று டீ. இன்னொன்று யார்டில் கெட்டுப்போய்க் கிடந்த லாட்டின் நிறம். கிழித்த ஓரங்கள் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

முதலாளி சாம்பிள் துண்டை என் கையில் வைத்துவிட்டுத் தேவராஜிடம், "நாளைக்குப் புது லாட்ட ஏத்து" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. தேவராஜ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்வர் சார் மொட்டைத் தலையும் பேரீச்சம்பழமுமாகத் திரும்பி வந்தார். அவர் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். தன் கோப்பைத் திறந்து அந்த வரியைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

"நல்ல வேல செஞ்சம்மா" என்றார். பிறகு நேராக யார்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

எல்லோரும் பார்க்க தேவராஜின் சாயக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடு தேவராஜு" என்றார்.

"போவும்போதே கேட்டுட்டீங்களே சார். நானும் அப்பவே மன்னிச்சிட்டேனே."

"அது அதுவரைக்கும் பண்ண தப்புக்கு. இது நான் வெச்சிட்டுப் போன தப்பு."

நான் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். கீழே வேலை செய்கிறவனிடம் கூட்டத்தின் நடுவில் அப்படிச் சொன்ன இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளி, இனிமேல் யாருக்கும் சொந்தக் கோப்பே கூடாது, எல்லாத் திரையும் ஒன்று போல இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். அன்வர் சார் மறுபேச்சு பேசாமல் தன்னுடையதை அழித்துவிட்டார். இரண்டு நாள் அவர் மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து படிப்பதைப் பார்த்தேன். அவருக்கு அது தண்டனையாக வேண்டியிருந்ததோ என்னவோ, எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பெரிய எழுத்து உங்க கண்ணுக்கு. ஜாஸ்தி கம்மி உங்க விரலுக்கு. அது உங்க ஃபைல்ல இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்? சாயத்தோட வலு தோலுக்கு. தோலத் தொடறது எதுவா இருந்தாலும் டாக்குமென்ட்டுக்குள்ள வந்துடணும். அவ்ளோதானே?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே எல்லா ஆவணங்களிலும் வலுவின் எண் உள்ளே வந்துவிட்டது. எந்த டின், ஏன் வலு கூடியது என்று மேலே விளக்கமும் சேர்ந்தது. எண் கொடுக்காவிட்டால் மெஷின் கத்த வேண்டும், கார்டே வரக்கூடாது என்று நான் மாற்றினேன். பூசணிக்காய் எழுத்துகளும் திரும்பி வந்தன. முதலாளியிடம் நான் எப்படிச் சொல்லிச் சமாளித்தேன் என்பது தனிக் கதை, வேண்டாம்.

அதோடு அன்வர் சார் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தார். எழுதியவர் நாற்காலியில் ஓடினால் ஆவணம் முடிந்ததாகக் கணக்கில்லை. அடுத்த நாற்காலியில், வேறொருவர் லாகினில், வேறொருவர் உட்கார்ந்து ஓட்டி, அதே கார்டு வர வேண்டும். அப்படி ஓட்டியவரின் பெயரை ஆவணத்தின் தலையில், எழுதியவர் பெயருக்குக் கீழே எழுத வேண்டும். அந்த இன்னொருவர் நான்தான் என்று நினைத்தேன். அவர் தேவராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

தேவராஜ் பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எனக்கு இன்னா சார் தெரியும் இதுல? மேடம் இருக்கறாங்களே."

"கார்டு தப்பா வந்தா மேடத்துக்கு வேல போவாது. உனக்குத்தான் போவும். அதனால நீ ஓட்டு."

தேவராஜ் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். கடைசி விசையை அழுத்துவதற்கு முன்னால் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், இதுக்கப்புறம் தப்பா வந்தா யாரு மேல?"

"மேல எழுதியவர்னு பேரு இருக்கறவன் மேல" என்றார் அன்வர் சார்.

அதன்பின் மெஷின்கள் மாறின, ஆளுக்கொரு கணினி வந்தது, அன்வர் சார் ஓய்வு பெற்றார், அவர் நாற்காலி எனக்கு வந்தது. விதி மட்டும் மாறவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சேர்ந்த ஒரு பையன், எண்களை முழுசாக்கிக் காட்டும்படி தன் கணினியில் அமைத்திருந்தான். அவன் ஆவணம் தேவராஜின் நாற்காலியில் ஓடியபோது ஃபார்மிக் அமிலம் அரை லிட்டர் வித்தியாசப்பட்டது. "ரெண்டும் ஒத்துக்கல தம்பி, போயிப் பாரு" என்று சொல்லிவிட்டு தேவராஜ் வெற்றிலை போடப் போய்விட்டார். டிரம் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகச் சுற்றியது. தோல் கெடவில்லை. அவர் பெண் அதற்குள் வேலூரில் நர்ஸாகி, எங்கள் ரயிலுக்கு எதிர்த்திசை ரயிலில் போய்வந்துகொண்டிருந்தாள்.

இதை எழுதி முடிக்கும் முன்பே நவீன் நேற்று மறுபடியும் போன் செய்தான். புது சிஸ்டத்தில் ஆவணங்கள் ஓடத் தொடங்கிவிட்டனவாம். "அந்த அடுத்த நாற்காலி இடத்தக் காலியா விட்டுடட்டுமா மேடம்? இல்ல, என் ஃபிரெண்டு பேரப் போடட்டுமா? அவனும் சாஃப்ட்வேர்தான்."

"உங்க டையிங் மாஸ்டர் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் இருக்காரு மேடம். பேரு... தெரியல" என்றான்.

"போயி கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. அதற்கப்புறம் என் காது முழுக்க டிரம் சுற்றுகிற சத்தம்.